ஓடுகிறது, ஆனால் தப்பாக ஓடுகிறது

கேள்வி: நாற்பது கணினிகள் உள்ள அலுவலகத்தில் டெஸ்க்டாப் சப்போர்ட் வேலை பார்க்கிறேன். சிஸ்டம் அட்மின் ஆக ஆசை. வீடியோ பார்த்து டிஹெச்சிபி, டிஎன்எஸ் சர்வர்களை நிறுவிவிடுகிறேன். ஏதாவது கோளாறு வந்தால் எங்கே கை வைப்பதென்று தெரியவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: வீடியோவில் எல்லாம் சரியாக ஓடுவதைத்தான் பார்த்திருப்பீர்கள். இனி நீங்களே கெடுத்துப் பாருங்கள், அலுவலக நெட்வொர்க்கில் வேண்டாம். அங்கே இரண்டாவதாக ஒரு டிஹெச்சிபி சர்வர் முளைத்தால் போதும், பலருக்குத் தவறான கேட்வே போய்ச் சேரும்.

விர்ச்சுவல்பாக்ஸில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள், ஒரு விண்டோஸ் கிளையன்ட் போடுங்கள். தேவையான மென்பொருளை நிறுவியபின் மூன்றையும் ‘இன்டர்னல் நெட்வொர்க்’குக்கு மாற்றி, ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டிஹெச்சிபி. சர்வரை நிறுத்திவிட்டுக் கிளையன்ட்டை மறுபடி இயக்குங்கள். 169.254 என்று தொடங்கும் முகவரியை அது தானாகவே போட்டுக்கொள்ளும். நாளை யாராவது “நெட் வரல” என்று கூப்பிட்டால், அந்த எண்ணைப் பார்த்ததுமே டிஹெச்சிபி பதில் வரவில்லை என்று புரிந்துவிடும். பிறகு சர்வரை ஓடவிட்டு, டிசிபிடம்ப் மூலம் 67, 68 போர்ட்டுகளைக் கவனியுங்கள். டிஸ்கவர், ஆஃபர், ரிக்வெஸ்ட், அக்னாலெட்ஜ் என நான்கு பாக்கெட்டுகள் போய்வருவது தெரியும்.

அடுத்தது டிஎன்எஸ். பாடம் இங்கேதான் அதிகம். பைண்ட் மென்பொருளில் ஒரு சர்வரைப் பிரைமரியாகவும் மற்றதைச் செகண்டரியாகவும் அமையுங்கள். பிரைமரியின் சோன் ஃபைலில் ஒரு முகவரியை மாற்றி, சீரியல் எண்ணை மட்டும் கூட்டாமல் ரீலோட் செய்யுங்கள். பிரைமரி புது முகவரியைச் சொல்லும், செகண்டரி பழையதையே சொல்லும். சிஸ்டம்சிடிஎல்லைக் கேட்டால் இரண்டு சர்வரிலும் ‘ஆக்டிவ்’ என்று பச்சையில் காட்டும்! சர்வீஸ் ஓடுவது வேறு, சரியான பதில் தருவது வேறு. ‘டிக்’ கட்டளையால் ஒவ்வொரு சர்வரையும் தனித்தனியாகக் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். லாகைத் திறந்தால், சீரியல் மாறவில்லை என்று பைண்ட் எச்சரித்திருப்பதும் தெரியும். அடுத்து, சோன் ஃபைலில் முழுப் பெயரின் கடைசிப் புள்ளியை நீக்குங்கள். அதன் பின்னால் டொமைன் பெயர் இன்னொரு முறை ஒட்டிக்கொள்ளும்.

கோளாறைத் தேடும்போது வரிசை முக்கியம்: முகவரி வந்ததா, கேட்வே பதில் சொல்கிறதா, பெயருக்கு முகவரி கிடைக்கிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, லாக் என்ன சொல்கிறது. கெடுத்துப் பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் அறிகுறி, காரணம், காட்டிக்கொடுத்த கட்டளை என்று மூன்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். அலுவலகத்தில் போன் அடிக்கும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்த நோட்டைத்தான்.