தோட்டத்துப் புகைமூட்டமும் கைப்பேசிச் செயலியும்

(வாலிபர் வகுப்புக்கான பாடம்)

நமது பிள்ளைகளில் பலர் இன்று கணினிக் கல்வி பயின்று வருகின்றனர். சுற்றுச்சூழலைக் காக்கக் கைப்பேசிச் செயலி ஒன்று அமைக்கப் போவதாக அவர்கள் கூறும்போது நாம் மகிழ்ச்சியடைகிறோம். ஆயினும் வியாபாரிகளாகிய நாம் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. வாங்குபவர் யார், அவருக்கு வேண்டுவது என்ன என்று அறியாமல் சரக்கைக் கொள்முதல் செய்பவர் நஷ்டமடைவார். செயலிக்கும் இதே கணக்குத்தான்.

ஆகவே, நெகிரி செம்பிலான் தோட்டம் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு, பிரயோஜனமுள்ள செயலியின் இலட்சணங்கள் யாவை என்று ஆராய்வோம். நாம் யாவரும் அனுபவித்த தீங்காகிய புகைமூட்டத்தையே உதாரணமாகக் கொள்வோம். 1997, 2005, 2013, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் அது இந்நாட்டைக் கடுமையாக வாட்டியது. 2013 ஜூன் மாதத்தில் நமக்குத் தெற்கே ஜொகூர் மாநிலத்து மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை ஏறியதும், அங்கே அவசரநிலை பிரகடனம் செய்யப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

1. யாருக்காக?

"பொதுமக்களுக்காக" என்பது விடையாகாது. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "இன்று வெளியில் வேலை செய்யலாமா? செய்தால் எதை அணிய வேண்டும்?" இக்கேள்விக்கு ஒரே பார்வையில் விடை தருவதே செயலியின் முதல் வேலை. மற்ற படங்களும் பட்டியல்களும் பின்னால் வரட்டும்.

2. அளவு எங்கிருந்து வருகிறது?

எடைக்கல் பிசகினால் தராசு எவ்வளவு பளபளப்பாக இருந்தும் பயனில்லை. சுற்றுச்சூழல் இலாகா காற்றுக் குறியீட்டை மணிக்கு மணி வெளியிடுகிறது. 50 வரை நல்லது. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடலுக்குக் கேடு. 201 முதல் 300 வரை மிகவும் கேடு. 300க்கு மேல் அபாயம். 2018 முதல் இரண்டரை மைக்ரான் அளவுள்ள நுண்துகளும் இக்கணக்கில் சேர்க்கப்படுகிறது. தலைமுடியின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள இத்துகள், நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியது. சாதாரணத் துணியால் மூக்கைக் கட்டிக்கொள்வது இதற்குப் போதாது. என்-95 வகை முகக்கவசம் வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமது மாநிலத்தில் சிரம்பான், நீலாய், போர்ட்டிக்சன் ஆகிய இடங்களில் அளவு நிலையங்கள் இருக்கின்றன. பகாவ் பக்கத்துத் தோட்டமோ புக்கிட் புத்துஸ் கணவாய்க்கும் கோலாபிலாவுக்கும் அப்பால் உள்ளது. சிரம்பானின் எண்ணைப் பகாவின் எண்ணாகக் காட்டுவது, ஓர் ஊர்ச் சரக்கை இன்னோர் ஊர்ப் பெயரில் விற்பது போன்றதாகும். எனவே எந்த நிலையத்தின் அளவு, எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பவற்றைச் செயலி மறைக்காமல் காட்ட வேண்டும்.

தோட்டத்திலேயே மலிவான அளவுகருவி ஒன்றை வைக்கலாம் அல்லவா எனக் கேட்கலாம். வைக்கலாம். ஆனால் இவ்வகைக் கருவிகள் ஒளிச் சிதறலைக் கொண்டு துகளை மதிப்பிடுபவை. ஈரக்காற்றில் உள்ளதைவிட அதிகமாகக் காட்டக்கூடும். முதலில் அவற்றைத் தரமான கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வது அவசியம்.

3. மொழியும் அலைவரிசையும்

இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2007ஆம் ஆண்டில் மீனவர்களுக்கெனக் கைப்பேசிச் சேவை ஒன்றைத் தொடங்கியது. அலையின் உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றை மீனவருக்கு அவருடைய மொழியிலேயே அது அறிவித்தது. கடல் விவரங்கள் அரசாங்க நிலையத்திலிருந்து வந்தன. பின்னாளில் சர்வதேசக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதியும் சேர்ந்தது. கைப்பேசி தன் இருப்பிடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிவதால், கரையின் அலைவரிசை எட்டாத இடத்திலும் இது சாத்தியமாயிற்று.

நமது தோட்டங்களிலும் உட்பகுதியில் அலைவரிசை கிடைப்பது அரிது. கிடைக்கும்போது விவரத்தைப் பெற்றுச் சேமித்துக்கொள்ளும் செயலியே அங்கு உதவும். அன்றியும், இன்று தோட்டங்களில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே. தமிழோடு மலாயும் வங்காளமும் வேண்டும். வாசிக்க இயலாதவருக்கு நிறமும் குரலும் வேண்டும்.

4. செய்தியைச் சரிபார்த்தல்

தோட்டத்தருகே எவரேனும் குப்பையையோ காட்டையோ கொளுத்தினால் அதைத் தெரிவிக்கும் வசதியும் நல்லதே. திறந்தவெளியில் தீயிடுவதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் பொய்த் தகவல் ஒன்று புகுந்தாலும் நாணயம் கெட்டுவிடும். ஜகார்த்தா நகரின் வெள்ள வரைபடம் இதற்கு வழிகாட்டுகிறது. அங்கே வெள்ளத்தைப் பற்றி ஒருவர் சமூக ஊடகத்தில் எழுதினால், இடத்தைக் குறித்து உறுதிப்படுத்துமாறு அவரிடமே கேட்கப்பட்டது. அவர் உறுதி செய்த பின்னரே அது வரைபடத்தில் ஏறியது. நமது செயலியும் இடம், நேரம், படம் மூன்றையும் கேட்க வேண்டும். தகவல் கொடுத்தவரின் பெயரையோ வெளியிடலாகாது. அதனால் ஏழைத் தொழிலாளி வேலையிழக்க நேரிடலாம்.

5. கேட்டுச் செயல்படுபவர் யார்?

இதுவே தலையாய கேள்வி. குறியீடு 200ஐத் தாண்டியது என்று செயலி சொல்கிறது. வேலையை நிறுத்தும் அதிகாரமோ தொழிலாளியிடம் இல்லை. அப்படியானால் அச்செய்தி அவருக்குக் கவலையைத்தான் தரும். ஆகையால் செயலி அமைக்குமுன் தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, எந்த எண்ணில் வேலை நேரம் குறையும், எந்த எண்ணில் நிற்கும், முகக்கவசம் யார் செலவில் என்பதை எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இவ்விடத்தில் நமக்கும் ஒரு கடமை உண்டு. தோட்டத்து மக்கள் அன்றாடம் வந்து போகும் இடம் நமது கடை. கைப்பேசி இல்லாதவருக்காக அன்றைய எண்ணையும் நிறத்தையும் கடைவாசல் பலகையில் எழுதி வைக்கலாம். புகைக்காலத்தில் முகக்கவசத்தை நியாய விலைக்கு மேல் விற்காதிருக்கலாம். பேரேட்டில் ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கிச் செயலியின் பராமரிப்புக்கு உதவலாம். கவனிப்பாரற்ற செயலி பழைய எண்ணைக் காட்டி மக்களை ஏமாற்றும்.

சிந்தித்து விடை காண்க:

அ. உங்கள் ஊருக்கு மிக அருகிலுள்ள காற்று அளவு நிலையம் எது? எத்தனை மைல் தூரம்?

ஆ. உங்கள் கடைக்கு வருவோரில் கைப்பேசி இல்லாதவர் எத்தனை பேர்? அவர்கள் எந்த மொழியை வாசிப்பர்?

இ. குறியீடு 200ஐத் தாண்டும் நாளில், அருகிலுள்ள தோட்டத்தில் வேலையை நிறுத்தும் பொறுப்பு யாருடையது?

மூன்றாவது வினாவுக்கு விடை கிடைத்த பின்னரே செயலியின் முதல் வரியை எழுதத் தொடங்குக.