மாவு கொட்டினால் முதலில் டார்ச், பிறகுதான் மருந்து

"தம்பி, புதுக் கட்டில். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. அடியில மாவு மாதிரி கொட்டுது. கறையான் மருந்து அடிக்க எவ்வளவு ஆகும்?"

பூச்சிக்கட்டுப்பாட்டு வேலையில் சேர்ந்தவருக்கு இப்படி ஓர் அழைப்பு சீக்கிரமே வரும். போனிலேயே விலை சொல்லிவிடாதீர்கள். மாவு கொட்டுவது பெரும்பாலும் உளுவண்டின் வேலை, கறையானின் வேலை அல்ல. கறையானுக்கென்று தரையில் துளை போட்டு இறக்கும் மருந்து கட்டில் சட்டத்துக்குள் இருக்கும் புழுவை எட்டவே எட்டாது. காசு வாங்கிவிட்டு அடுத்த மாதம் திட்டு வாங்குவதற்கு அதுதான் நேர்வழி.

மருந்து அடிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். எந்தப் பூச்சி, எந்த மரம், உள்ளே உயிர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள்தான் குறைவு. வாடிக்கையாளர் மறுபடி கூப்பிடுவது அவர்களைத்தான். ஆகவே பைக்குள் ஸ்பிரேயருக்கு முன்னால் நல்ல டார்ச், கைலென்ஸ், ஸ்க்ரூ டிரைவர், பென்சில், கறுப்புச் சார்ட் பேப்பர் ஆகியவை இருக்கட்டும்.

வீட்டுக்குள் போனதும் தூளைக் கையில் எடுங்கள். விரலிடுக்கில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுவழுப்பாக இருந்து, மரத்தில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள் தெரிந்தால் அது லிக்டஸ் இன வண்டு. நம் வீடுகளில் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான். துளை மூன்று மில்லிமீட்டரைத் தாண்டி, தூள் சற்றுச் சொரசொரப்பாக, உள்ளே இறுக அடைத்தாற்போல் இருந்தால் பாஸ்ட்ரிக்கிட் குடும்பம். மூங்கில் கூடையையும் தட்டியையும் பொடியாக்கும் டைனோடெரஸ் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கடலோர ஊர்களில் ஏமாற்ற இன்னொன்று உண்டு. உலர்மரக் கறையான் மண்கோடு எதுவும் போடாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். அது தள்ளிவிடுவது மாவாக இருக்காது, குருணையாக இருக்கும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு குருணைக்கும் ஆறு பட்டை தெரியும். மண்கோடு கண்ணில் பட்டால் அது நிலத்துக் கறையான், வைத்தியமே வேறு. வாசல் பந்தல் கட்டையில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வட்டமாகத் துளை இருக்கிறதா? அது தச்சுத் தேனீ. அதற்காக வீடு முழுக்க மருந்தடிக்கச் சொன்னால் சிரித்துவிட்டு விளக்குங்கள்.

இனி, வாடிக்கையாளருக்குக் கட்டாயம் புரியவைக்க வேண்டிய விஷயம். நாம் பார்க்கும் துளை லிக்டஸ் வண்டு உள்ளே போன வழி அல்ல, வெளியே வந்த வழி. பெண் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையைச் சொருகிவிட்டுப் போய்விடும். புழு உள்ளேயே மாவுச்சத்தைத் தின்று மாதக்கணக்கில் வளரும். சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். வளர்ந்தபின் வண்டாகித் துளைத்துக்கொண்டு வெளியே வரும். "உங்கள் வீட்டில் வந்து பிடித்ததல்ல, மரத்தோடு வந்திருக்கலாம்" என்று கடைக்காரரைப் பழிக்காமல் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். பல நேரம் உண்மையும் அதுதான்.

மாவுச்சத்துதான் அதன் சாப்பாடு என்பதால் மரம் தெரியாமல் இந்த வேலை நடக்காது. வைரம் பாய்ந்த பகுதியை லிக்டஸ் தொடாது. வெளிப்பக்கத்து வெள்ளையைத்தான் தின்னும். தேக்கிலும் அப்படித்தான். "தேக்குன்னு சொல்லித்தானே வாங்கினோம்" என்பவரிடம் வெள்ளைப் பகுதியைக் காட்டுங்கள், துளைகள் அதில் மட்டும் இருக்கும். பைன் மரத்தையும் லிக்டஸ் விட்டுவிடும். ரப்பர் மரம், மா, இலவு, மூங்கில் எல்லாம் அதற்கு விருந்து. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பால் வற்றிய ரப்பர் மரங்களை இருபத்தைந்து, முப்பது வயதில் வெட்டி ஃபர்னிச்சருக்கு அனுப்புகிறார்கள். அறுத்த கையோடு போரான் கரைசலை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் நல்ல மரம். அந்தப் படியைத் தாண்டிவிட்டு விற்றது ஒரு வருடத்துக்குள் மாவு கொட்டும். ஒரு பழைய ஆசாரியிடம் உட்கார்ந்து மரம் பார்க்கப் பழகுங்கள். முறையாகப் படிக்க விரும்பினால் பெங்களூரில் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது.

அடுத்த கேள்வி: உள்ளே இன்னும் உயிர் இருக்கிறதா? தூள் கொட்டுவது மட்டும் சாட்சி ஆகாது. கட்டிலை நகர்த்தினாலே பழைய சுரங்கத்துத் தூள் உதிரும். புதுத் துளையின் விளிம்பு கூராக, உள்பக்கம் வெளிறி இருக்கும். பழையது கறுத்து, தூசியும் சிலந்தி நூலும் படிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் எல்லாத் துளையையும் பென்சிலால் வட்டமிடுங்கள், சுத்தமாகத் துடையுங்கள், அடியில் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டித் தேதி எழுதிவிட்டு வாருங்கள். சில வாரம் கழித்து வட்டமில்லாத துளையோ காகிதத்தில் புதுத் தூளோ இருந்தால் வேலை இருக்கிறது. இல்லையென்றால் "மருந்து வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பார்த்ததற்கான கட்டணத்தை மட்டும் வாங்குங்கள். முதலாளி முகம் சுளிக்கலாம். அந்தத் தெருவில் அடுத்த நாலு வேலை உங்களுக்குத்தான் வரும்.

வைத்தியத்தில் முதல் தேர்வு மருந்து அல்ல, உளிதான். ஒரு சட்டம், ஒரு பலகை மட்டும் கெட்டிருந்தால் கழற்றி எடுத்து எரித்துவிட்டு வேறு போடுவதுதான் மலிவு. பாலிஷ் இல்லாத வெற்று மரமாக இருந்தால் போரான் நல்ல வழி. ஒரு பங்கு போரிக் அமிலத்துக்கு ஒன்றரைப் பங்கு போராக்ஸ் என்று வெந்நீரில் கரைத்துப் பூசுவது மரத்தொழிலில் பழகிய முறை. இரண்டு பூச்சாவது வேண்டும். வார்னிஷைத் தாண்டி இது உள்ளே போகாது, மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். பாலிஷ் போட்ட மரத்தில் உப்புத்தாள் போட்டு மேல்பூச்சை எடுக்க வேண்டும், அல்லது துளைகளில் சிரிஞ்சால் மருந்தைச் செலுத்த வேண்டும். மர வண்டுக்கென்று லேபிளில் எழுதியிருக்கும் மருந்தை மட்டும், எழுதியிருக்கும் அளவில் மட்டும். முடிந்தபின் துளைகளை மெழுகாலோ புட்டியாலோ அடையுங்கள். அழகுக்காக மட்டும் அல்ல, இனிமேல் வரும் துளை புதியது என்று தெரிவதற்காகவும். அடிப்பக்கம், பின்பக்கம் எல்லாம் வார்னிஷ் பூசினால் லிக்டஸ் முட்டையிட நுண்துளை கிடைக்காது. நம் ஊர் ஃபர்னிச்சரில் முன்பக்கம் மினுங்கும், அடிப்பக்கம் வெற்றுக் கட்டையாக இருக்கும். பாதிச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

மண்ணெண்ணெய் பற்றிக் கேட்பார்கள். ஆவியாகிப் போகும், தீப்பிடிக்கும், வேண்டாம். வெயிலில் போட்டால் மேல்தோல்தான் சுடும். மரத்தின் நடுவரை 56 டிகிரி வெப்பம் 30 நிமிடம் நிற்க வேண்டும் என்பது ஏற்றுமதிப் பெட்டி மரத்துக்கான உலக விதி. மொட்டைமாடி வெயில் அதற்குப் போதாது, சூளை வேண்டும்.

ஓட்டு வீட்டுக் கைமரமோ உத்திரமோ அரித்திருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே இறங்கினால் மருந்துப் பேச்சே எடுக்காதீர்கள். கீழே முட்டுக்கொடுக்கச் சொல்லிவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருக்கும் வீட்டில் வைக்கச் சொல்லும் முதலாளியிடம் வேலை பார்க்காதீர்கள். அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய் ஆளைக் கொல்லும். புகைமூட்டும் வேலைக்கு 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின்படி உரிமம் வேண்டும். அதற்கு வேளாண் பட்டமோ வேதியியல் படித்த அறிவியல் பட்டமோ, மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் 15 நாள் பயிற்சிச் சான்றிதழோடு தேவை. சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் ஏற்றுமதிச் சரக்கை ஒட்டி இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. பட்டம் இருப்பவர்கள் இந்தப் பயிற்சியை எடுத்துவைப்பது நல்லது. பழைய ஆட்கள் பி.எச்.சி., லிண்டேன் ஆகிய பூச்சிமருந்துகளின் பெருமை பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள், கையில் எடுக்காதீர்கள். முன்னது 1997இலும் பின்னது 2013இலும் தடைசெய்யப்பட்டவை. கைக்குட்டை கட்டுவது முகமூடி ஆகாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ளதை வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்கள். தொட்டில், சாப்பாட்டு மேசை, மீன்தொட்டி இருக்கும் அறை என்றால் பொருளை வெளியே கொண்டுவந்துதான் வேலை.

கடைசியாக, ரசீது. எந்தப் பூச்சி, எந்த மரம், எந்த மருந்து, எத்தனை துளை என்று எழுதுங்கள், படமும் எடுத்துவையுங்கள். "ஆயுள் உத்தரவாதம்" என்று எழுதாதீர்கள். உள்ளே தப்பிய புழு அடுத்த கோடையில்கூட வெளியே வரலாம். ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கும் தேதியை ரசீதிலேயே குறித்துக் கொடுங்கள், அந்தத் தேதியில் போய்ப் பாருங்கள்.