உம்மாவின் கண்ணீரும் மகனின் நிய்யத்தும்

 

கோடியக்கரையிலோ தோப்புத்துறையிலோ இருந்து இதை வாசிக்கும் வாலிபரே, இன்று உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது. கைக்கூலி வாங்காமல் நிக்காஹ் செய்ய நிய்யத் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் சொன்னதும் உம்மா அழுகிறார். "உன் அக்காவுக்கு நாம நகை போட்டுத்தானே அனுப்பினோம்? அந்தக் கடனை யாரு அடைக்கிறது? ஊரு என்ன பேசும்?" பெற்றவளை நோகடிப்பது பாவமாயிற்றே என்று தடுமாறுகிறீர்கள்.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். தாயார் மீது உயிரையே வைத்திருந்தவர். அவர் இஸ்லாத்தை ஏற்றதும், அதை விடும்வரை பேசமாட்டேன், உண்ணமாட்டேன், பருகமாட்டேன் என்று தாயார் சத்தியம் செய்துவிட்டார். மூன்று நாட்கள் அப்படியே கிடந்து மயங்கி விழுந்தார். மகன் அசையவில்லை. இது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி.

இதையொட்டி இறங்கிய லுக்மான் அத்தியாயத்தின் 15ஆம் வசனத்தில், இணைவைக்கச் சொல்லி வற்புறுத்தினால் பெற்றோருக்குக் கட்டுப்படக் கூடாது என்று வருகிறது. அல்லாஹ்வுக்கு மாறு செய்வதில் யாருக்கும் கீழ்ப்படிதல் இல்லை என்பது மார்க்கத்தின் பொதுவான சட்டம். ஆனால் அதே வசனம், இவ்வுலகில் அவர்களோடு நல்லவிதமாக நடந்துகொள்ளவும் கட்டளையிடுகிறது. நம் வாலிபர்களில் சிலர் முதல் பாதியோடு நிறுத்திக்கொண்டு, உம்மாவிடம் பேச்சையே விட்டுவிடுகிறார்கள். அது உறுதியல்ல, வீம்பு.

உம்மா சொல்லும் கடன் பொய்யல்ல. அதை என் சம்பாத்தியத்தில் மாதாமாதம் அடைக்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். உங்கள் அக்காவின் நகைக்கடனை வரப்போகும் பெண்ணின் வாப்பா ஏன் அடைக்க வேண்டும்? அவரும் கடன்தான் வாங்குவார். அவர் வீட்டுப் பையன் அதை இன்னொரு வீட்டில் கேட்பான்.

ஊர்ப்பேச்சுக்கு வருவோம். இதே கடற்கரையில் வடக்கே, நாகூரில் 1917இல் பிறந்தவர் சித்தி ஜுனைதா பேகம். மூன்றாம் வகுப்புவரைதான் படித்தார். பன்னிரண்டு வயதில் திருமணம், இளம் வயதிலேயே கைம்மை. முஸ்லிம் பெண் கதை எழுதுவதா என்று முகம் சுளித்த காலத்தில், 1938இல் 'காதலா? கடமையா?' என்ற நாவலைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். அதற்கு முன்னுரை தந்தவர் உ.வே.சாமிநாதையர். ஊர் பேசத்தான் செய்தது. அவர் மார்க்கத்தையும் விடவில்லை, பேனாவையும் விடவில்லை.

நீங்கள் செய்ய நினைப்பதோ அதைவிட எளிது. மஹரை மனமுவந்து பெண்ணுக்குக் கொடுக்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் ஆணிடம்தான் சொல்கிறது. நாட்டுச் சட்டமும் 1961 முதல் வரதட்சணை வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றம் என்கிறது. நிக்காஹ் பதிவேட்டில் மஹர் எழுத இடம் உண்டு. கைக்கூலியை அதில் எழுதச் சொல்லி யாராவது கேட்டதுண்டா?

இன்று மஃரிபுக்குப் பிறகு உம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள். முதலில் அக்காவின் கடனைப் பற்றிப் பேசுங்கள்.