காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால்: திருப்பூர்க்காரர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சம்பளம் போடும் சனிக்கிழமை இரவில் செல்போனைப் பறிகொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போகிறவரிடம், "காணாமப் போச்சுன்னு எழுதிக் குடுங்க, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்பார்கள். புகார் பாதி செத்துப்போவது அங்கேதான். பொருள் காணாமல் போனால் அதில் குற்றம் ஏதுமில்லை. பறித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 304-வது பிரிவில் குற்றம்.

முதல் படி: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

தேதி, நேரம், இடம் மூன்றும் இருக்கட்டும். கைது செய்யத்தக்க குற்றம் என்று தகவலிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. ஜாப் ஒர்க் பாக்கி போன்ற கொடுக்கல் வாங்கல் தகராறுகளில் முதற்கட்ட விசாரணைக்கு இடமுண்டு. "எங்க லிமிட் இல்லை" என்ற பேச்சும் 2024 ஜூலையில் வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.எஸ்.) படி செல்லாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது மனு வந்ததற்கான அத்தாட்சிதான், வழக்கு ஆகாது.

இரண்டாம் படி: மேலதிகாரிக்குத் தபால்

மாநகருக்குள் என்றால் போலீஸ் கமிஷனர். பல்லடம், அவிநாசி, காங்கேயம், தாராபுரம், உடுமலை பக்கம் என்றால் மாவட்ட எஸ்.பி. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுக்கும் மனு, பெரும்பாலும் 'உரிய நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு சுற்றிவிட்டு அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேரும். கொடுங்கள், அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

எஸ்.பி.யும் அசையவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் பிரமாணப் பத்திரத்தோடு மனு போடலாம். மேலதிகாரிக்கு எழுதினீர்களா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அந்தத் தபால் ரசீதுக்கு அப்போது மதிப்பு தெரியும்.

லஞ்சம் கேட்டால்

கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி உங்களிடமே திருப்பித் தருவார்கள். வாங்கியவரின் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் கரைசல் இளஞ்சிவப்பாகும். வேறொன்றுமில்லை, நம் சாயப்பட்டறைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் சோடா ஆஷ்தான். நிர்ப்பந்தத்தில் கொடுத்துவிட்டீர்கள் என்றால் 7 நாட்களுக்குள் புகார் செய்ய வேண்டும். தாமதித்தால் கொடுத்தவர் மீதும் வழக்கு பாயலாம்.

அடித்தால்

முதலில் அரசு ஆஸ்பத்திரி. யார் அடித்தது, எதனால் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லி விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பிறகு சென்னையிலுள்ள மாநில மனித உரிமை ஆணையம். ஓராண்டுக்குள், தமிழிலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. ஸ்டேஷன் கேமராவில் எந்த நாள், எந்த நேரத்துப் பதிவு வேண்டும் என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். 2017 ஏப்ரலில் சாமளாபுரத்தில் டாஸ்மாக் கடையை எதிர்த்த பெண்ணை போலீஸ் அதிகாரி அறைந்தது ஊருக்கெல்லாம் தெரிந்தது வீடியோவால்தான்.

போலீஸ் புகார் ஆணையம் என்றும் ஒன்று உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் அமைக்கச் சொன்னது உச்ச நீதிமன்றத்தின் 2006-ம் ஆண்டுத் தீர்ப்பு. 2013-ல் வந்த தமிழகச் சட்டமோ மாவட்டத்தில் கலெக்டரைத் தலைவராகவும் எஸ்.பி.யை உறுப்பினராகவும் வைத்தது. தன் ஆட்கள் மீதான புகாரைத் தானே விசாரிக்கும் ஏற்பாடு இது. இதை நான் முதல் வாசலாகச் சொல்ல மாட்டேன்.

உள்ளூரில் வழியே இல்லை என்றால்

உயர் நீதிமன்றம். 2009-ல் வெடித்த திருப்பூர் பாசி நிதி மோசடியில், நிறுவனத்தாரிடம் போலீஸ் அதிகாரிகளே பணம் பறித்ததாகப் புகார் எழுந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. மோசடிக்காக இயக்குநர்கள் இருவருக்கு கோவை நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தபோது 2022 ஆகஸ்ட் ஆகியிருந்தது.

நீதிபதி, வக்கீல் மீது

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீடுதான். கீழமை நீதிபதியின் நடத்தை மீது புகார் என்றால் உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு, பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்த்து அனுப்ப வேண்டும். வக்கீல் மீது என்றால் தமிழ்நாடு பார் கவுன்சில்.

வக்கீல் வைக்கக் காசில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் தர 1987-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பவர் டேபிள் டெய்லரும் செக்கிங் பெண்ணும் கம்பெனி அடையாள அட்டையோடு போனால் போதும்.