கண்ணாடி ஓடுமா?

"பழைய சர்ச் ஜன்னல் கண்ணாடி அடியில் தடித்திருக்கும், காரணம், கண்ணாடி மெல்ல ஓடும் திரவம்" என்று எழுதி முதலாண்டில் மார்க் வாங்கினவன் நான். அப்பா அதை டீக்கடை வரை கொண்டுபோய்ப் பெருமையடித்தார். அத்தனையும் தப்பு! அந்தக் காலத்தில் தகடு ஒரே சீராக வராது, அவ்வளவுதான். ஜான் மௌரோ குழுவினர் 2017-ல் வெளியிட்ட கணக்குப்படி, நூறு கோடி வருஷத்துக்கு ஓட்டம் மிஞ்சிப்போனால் 1 நானோமீட்டர்.

ஏன்? திருவிழாக் கூட்டத்தில் மாட்டினவன் மாதிரி, ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுக்கள் கட்டிய கூண்டுக்குள்ளேயே துடிக்கிறது. சூடாக இருந்தால் கூண்டு சட்டென்று உடையும், அணு நகரும். ஆற ஆற, உடைய எடுக்கும் நேரம் மளமளவென்று ஏறும். பாகுநிலை 10¹² பாஸ்கல்-செகண்டைத் தொட்டால் அது கண்ணாடி. அணுக்களின் அடுக்கு மட்டும் திரவத்தில் இருந்த அதே தாறுமாறு!

அப்பாவிடம் திருத்திச் சொன்னேன். "கூட்டம் கலையவே கலையாதாடா?" என்றார். கலையும்ப்பா, உலையில் வைத்தால்.