பழங்கணினியும் அதன் போலியும்

ஓரெழுத்தின் இடத்தில் வேறோரெழுத்து நின்றும் பொருள் திரியாதிருப்பின் அதனை இலக்கணத்தார் போலி என்பர். புதிய கணினியைப் பழைய கணினிபோல் நடக்கச் செய்யும் எமுலேட்டர் என்னும் மென்பொருளும் அத்தகையதோவென ஆராய்வோம்.

1982ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கமடோர் 64 என்னும் கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் நினைவகம் 64 கிலோபைட்டே. அதற்கென எழுதப்பட்ட நிரல்களை இக்காலத்தில் வைஸ் என்னும் எமுலேட்டர் விலையின்றியே இயக்கித் தருகின்றது. மூலக்கருவியோ முதுமையுற்றது. அதன் பழைய மின்வழங்கி பழுதுறின், மிகுந்த மின்னழுத்தம் பாய்ந்து நினைவகச் சில்லுகளை அழித்துவிடக்கூடும். ஆதலின் எமுலேட்டரே போதுமென்பாரும் உளர்.

ஆயினும், அக்கணினியின் ஒலிச்சில்லாகிய சிட் 6581இல் ஓசையை வடிக்கும் பகுதி சில்லுக்குச் சில்லு வேறுபடும். ஆகவே ஒரே இசை இரு கருவிகளில் இருவேறாய் ஒலித்தலுண்டு. இவற்றுள் எதனைப் போலி பின்பற்றுவது? மூலத்தைக் கேட்டும் அளந்துமன்றோ அதனைச் செப்பஞ்செய்தல் கூடும்?

ஆதலால், பழைய விளையாட்டுகளை ஆடிப் பார்க்க மட்டும் விரும்புவோர்க்கு எமுலேட்டரே தக்கது. மூலக்கருவி உடையோர் மின்வழங்கியைப் புதுப்பித்து அதனைக் காப்பாராக. மூலம் உள்ளவரையே போலியின் பிழை புலப்படும்.