கழுத்தில் தொங்கும் இரண்டரைக் கிலோ

அன்புள்ள தம்பிக்கு,

கடத்தூரிலிருந்து நீ அனுப்பியிருந்த கேள்வி ஒரே வரி: "கழுத்து வலிக்குது, எந்த ஸ்ட்ராப் வாங்கலாம் அண்ணா?" கூடவே ஐந்தாறு ஸ்ட்ராப்களின் படம், விலையோடு. "இதை வாங்கு" என்று ஒன்றைக் காட்டிவிட்டு நானும் என் வேலையைப் பார்க்கப் போயிருக்கலாம். ஆனால் திருவிழா ஊர்வலத்தில் நீ சாக்ஸபோன் வாசிக்கும் படம் ஒன்றும் அதோடு வந்திருந்தது. அதைப் பார்த்ததுமே பேச்சு நீளும் என்று தெரிந்துவிட்டது.

படத்தில் உன் தலை முன்னால் நீண்டிருக்கிறது. முகவாய் நெஞ்சை நோக்கி இறங்கியிருக்கிறது. ஸ்ட்ராப் ரொம்பக் கீழே இருக்கிறது தம்பி. மவுத்பீஸ் எங்கே இருக்கிறதோ அங்கே நீ வாயைக் கொண்டுபோகிறாய். இந்த நிலையில் எவ்வளவு விலை கொடுத்து என்ன ஸ்ட்ராப் மாட்டினாலும் வலி இடம் மாறுமே தவிரப் போகாது.

நாளைக் காலை சாதகத்துக்கு முன் இதைச் செய்து பார். நேராக நில். எதிர்ச் சுவரில் கண் உயரத்தில் ஒரு காலண்டர் இருக்கட்டும். அதிலிருந்து பார்வையை எடுக்காதே. வாத்தியத்தை மாட்டி, இடது கையால் லேசாக அணைத்துக்கொண்டு, வலது கையால் ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. மவுத்பீஸின் முனை தானாக வந்து கீழுதட்டைத் தொடும். அங்கே நிறுத்து. அதுதான் உன் உயரம். முதல் நாள் யாரோ காதைப் பிடித்துத் தூக்கினது மாதிரி இருக்கும். பழக்கம் மாறுகிறது என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை, விட்டுவிடாதே. வாத்தியத்தை வலப்பக்கமாகச் சாய்த்து வைத்து வாசிக்கிறவனாக இருந்தால் இன்னொரு வேலையும் உண்டு. வாத்தியத்தின் நெக்கில் உள்ள திருகைத் தளர்த்தி, நெக்கையும் மவுத்பீஸையும் உன் வாய்ப்பக்கம் திருப்பிக்கொள். நிறையப் பேர் இதைச் செய்யாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்தே காலத்தை ஓட்டுகிறார்கள்.

இது வலிக்கு மட்டும் சொல்கிற வைத்தியம் இல்லை. ஸ்ட்ராப் தாழ்ந்திருந்தால் வாத்தியத்தின் எடையில் ஒரு பங்கு வலது கட்டைவிரலுக்கும், இன்னொரு பங்கு கீழ்த்தாடைக்கும் போகிறது. கட்டைவிரல் காய்த்துப்போகும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தாடைதான் விஷயம். ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு வழுக்கிப் போகிற இடத்தில் விரல் செய்வது பாதி, உதடும் தாடையும் செய்வது பாதி. சுமை தூக்கிக்கொண்டிருக்கிற தாடையால் கமகம் பேச முடியாது. தலை குனிந்தால் தொண்டையும் நெரிபடும், காற்று நெருக்கிக்கொண்டுதான் வெளியே வரும். ஆகவே ஸ்ட்ராப்பைப் பற்றி நீ கேட்கும்போது எனக்கு முதலில் ஞாபகம் வருவது தாடைதான். தாடை சும்மா இருக்கிறதா? விரல்கள் சாவிகளின் மேல் சும்மா கிடக்கின்றனவா? அந்த இரண்டையும் எது தருகிறதோ அதுதான் நல்ல ஸ்ட்ராப்.

இனி எடைக்கு வருவோம். ஆல்ட்டோ சாக்ஸபோன் சுமார் 2.5 கிலோ. டெனார் 3.5 வரை போகும். பாரிட்டோன் 5, 6 கிலோ. இரண்டரைக் கிலோவுக்கா இவ்வளவு புலம்பல் என்று வீட்டில் கேட்பார்கள். கையில் தூக்கினால் ஒன்றுமில்லைதான். அது தொங்குவதோ பின்கழுத்தில், இரண்டு விரல் அகலத்தில், இழுப்பதோ முன்பக்கமாக. ஏற்கெனவே 5 கிலோ அளவுள்ள தலையைச் சுமந்துகொண்டிருக்கிற எலும்புகள் அவை. மெத்தென்று அகலமாக இருக்கும் கழுத்துப் பட்டை தோலில் பதிவதைக் குறைக்கும், அவ்வளவுதான். எடை அதே கழுத்தில்தான் நிற்கும். நீ அனுப்பிய படங்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

எடையைத் தோளுக்கு மாற்று என்பதை வெளிநாட்டுக் கம்பெனி வந்து நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊர்க் கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு வருகிற தவில்காரரைப் பார். அத்தனை கனத்தையும் அகலத் துணிப் பட்டையில் தோளிலிருந்து தொங்கவிட்டு, வீதி முழுக்க நடந்துகொண்டே வாசிக்கிறார். உங்கள் பேண்டு செட்டிலேயே பேஸ் டிரம்காரருக்கு இரண்டு தோளிலும் வார் இருக்கும். சாக்ஸபோன் வாசிக்கிறவன் மட்டும் ஏனோ கழுத்தில் மாட்டிக்கொள்கிறான், வாங்கும்போது பெட்டிக்குள் கூட வந்தது அது என்பதால்.

தோளில் மாட்டுகிற ஹார்னஸில் பல தினுசு. முதுகில் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு வருவது பரவலானது. நியோடெக், பிஜி, வாண்டோரன் கம்பெனிக்காரர்கள் எல்லோரும் அவரவர் பாணியில் செய்கிறார்கள். பிஜியில் ஆண், பெண், சிறுவர் என்று அளவு தனித்தனி. நீ ஒல்லி என்பதால் அளவு பார்க்காமல் வாங்காதே. பெரிய அளவு வாங்கினால் பட்டையைக் கடைசி வரை இறுக்கிய பிறகும் வாத்தியம் தொப்புளில்தான் நிற்கும். இன்னொரு தினுசு ஜாஸ்லேபின் சாக்ஸ்ஹோல்டர். இரண்டு அலுமினியக் கைகள் தோளில் கொக்கி மாதிரி உட்காரும், ஒரு தண்டு இறங்கி வயிற்றில் முட்டுக்கொடுக்கும். கழுத்தில் ஒன்றுமே படாது. வயதானவர்கள், கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட கையோடு வரவேற்புக்கு வாசிக்கப் போகிறவனுக்கு வயிற்றில் ஒரு முட்டு எப்படி இருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

உன் வேலை எங்கே என்பதை வைத்துத்தான் தேர்வு. நீ வாசிப்பதில் பெரும்பங்கு நடந்துகொண்டு. பொம்மிடி ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கோயில் திருவிழா, அரூர்ப் பக்கம் ஒரு சாவு ஊர்வலம். நடக்கிறவனுக்கு இழுவை உள்ள ஸ்ட்ராப் ஆகவே ஆகாது. ரப்பர் மாதிரி நீளும் அந்தத் துணி கடையில் மாட்டிப் பார்க்கும்போது சொர்க்கமாக இருக்கும், எடையே இல்லாதது போல. ரோட்டில் இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் வாத்தியம் மேலும் கீழும் ஆடும். மவுத்பீஸ் பல்லில் இடிக்கும், ரீடின் முனை சிதறும், ஸ்வரம் தள்ளாடும். நீளாத நாடாவாகப் பார்த்து வாங்கு.

அதே இழுவைத் துணி வியர்வையைக் குடித்துக்கொண்டு தோலோடு ஒட்டிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தருமபுரி மாவட்டத்து ரோடு எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருத்தி நாடாவோ, காற்றுப் போகிற வலைத்துணி அடி கொடுத்ததோ தேவலை. தோல் ஸ்ட்ராப் அழகு. ஒரு சீசன் வியர்வையில் விறைத்துப்போகும்.

பிறகு உங்கள் யூனிஃபார்ம். தோளில் ஜரிகை வைத்த அந்தப் பாலியஸ்டர் கோட்டின் மேல் ஹார்னஸ் நிற்காது, வழுக்கி வழுக்கி ஒரு பக்கம் இறங்கும். கோட்டுக்கு உள்ளே, சட்டை மேல் மாட்டிக்கொண்டு, கொக்கிக் கயிற்றை மட்டும் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே வெளியே எடுத்துவிடு. பேண்டு மாஸ்டர் முறைத்தால், தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாது என்று சொல். மார்புக்குக் குறுக்கே கிளிப் போடுகிற மாதிரி இருந்தால் முழு மூச்சு இழுத்த நிலையில் போடு. மூச்சை விட்ட நிலையில் இறுக்கினால் நீண்ட பிடி வரும்போது விலா விரிய இடம் இருக்காது.

உனக்குக் கச்சேரி ஆசையும் உண்டு என்று எழுதியிருந்தாய். அங்கே கணக்கு வேறு. அடால்ஃப் சாக்ஸ் இந்த வாத்தியத்துக்கு 1846இல் காப்புரிமை வாங்கினார்; அதற்கு முந்தின வருஷமே பிரெஞ்சு ராணுவ பேண்டில் அதற்கு இடம் பிடித்துவிட்டார். சிப்பாய் நின்றும் நடந்தும் வாசிக்கச் செய்த சாமான் அது. அதைக் கொண்டுவந்து கச்சேரி மேடையில் சப்பணமிட்டு உட்கார வைத்தவர் கத்ரி கோபால்நாத். 1949இல் பிறந்தவர், நாதஸ்வரக்காரர் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மயங்கினார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயர், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் என்று குருமார்களிடம் வருஷக்கணக்கில் உழைத்து அதில் கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவந்தார். 1994இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பிபிசியின் புரொமனாட் கச்சேரி. அதே வருஷம் 'டூயட்' படம். திரையில் பிரபு நின்றுகொண்டு ஊதுவார், நாம் கேட்டது கத்ரியின் மூச்சு. அதற்குப் பிறகுதான் நம் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்கள் "சாக்ஸபோன் உண்டா?" என்று விசாரித்து பேண்டு பேச ஆரம்பித்தார்கள். 2019இல் அவர் போய்விட்டார். அவருடைய கச்சேரி வீடியோக்களைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பார். கழுத்து, தோள், முழங்கை, இவற்றை மட்டும்.

சப்பணமிட்டு உட்கார்ந்தால் ஆல்ட்டோவின் அடிவளைவு காலிலோ மேடையிலோ இடிக்கும். வாத்தியத்தை ஒரு பக்கமாக வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த நேரத்தில் இரண்டு தோள் ஹார்னஸ் ஒரு தோளை மட்டும் இழுத்து உடம்பைத் திருகும். வயிற்றுத் தண்டு வைத்ததோ மடியில் முட்டிக்கொண்டு நிற்கும். சாதாரணக் கழுத்துப் பட்டைதான் எந்தப் பக்கமும் இசைந்து கொடுக்கும். உட்கார்ந்திருக்கும்போது எடையில் ஒரு பங்கைத் தொடை வாங்கிக்கொள்வதால் கழுத்துக்கும் அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆகவே, ரோட்டுக்கு ஒரு ஹார்னஸ், மேடைக்கு ஒரு நல்ல கழுத்துப் பட்டை. இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே வந்துவிடு.

பணம் இப்போது இல்லையென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்கூல் பை தைக்கிறவரிடம் போ. இரண்டு அங்குல நாடா, பையின் தோள் பட்டைக்கு வைக்கிற பஞ்சு, இரண்டு பக்கிள். முதுகில் குறுக்கிடும் இடத்தில் ஒரு தோல் துண்டு வைத்து நாலு பக்கமும் தையல் ஓட்டச் சொல். வாத்தியத்தை மாட்டுவதற்கு முன் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு வீட்டுக்குள் நடந்து பார். தையல் பிரிந்தால் அரிசியோடு போகட்டும்.

கொக்கி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வாய் திறந்த கொக்கி கூடவே கூடாது. பூசாரி திருநீறு கொடுக்கும்போது குனிவாய், பெரியவர் காலில் விழுவாய். வளையம் நழுவி வாத்தியம் கீழே போகும், பெல் நசுங்கும். வாய் மூடிக்கொள்கிற கொக்கியாக இருக்கட்டும். வெறும் இரும்புக் கொக்கி வளையத்தை அராவித் தின்னும், ஆகவே மேலே பிளாஸ்டிக் உறை போட்டதாகப் பார். இன்னொன்று: பக்கிள் நழுவுகிறதா என்று கவனி. கயிற்றில் வியர்வையும் தலை எண்ணெயும் ஏறினால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நூல் ஒரு நூலாக இறங்கும், உனக்கே தெரியாது. காலண்டரைப் பார்த்து உயரம் வைத்தாயே, அந்த இடத்தில் கயிற்றில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிடு. அரை மணி வாசித்த பிறகு பக்கிள் நூலுக்குக் கீழே நின்றால் கயிறு மாற்ற வேண்டிய நேரம்.

பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் டிரம் மட்டும் அடிக்கிற சமயம் வரும் பார், அப்போது வாத்தியத்தைக் கையால் ஏந்திக் கழுத்துக்கு ஓய்வு கொடு. ஊர்வலம் ஒரு வீட்டு வாசலில் நின்றால் கழற்றியே வை. இதையெல்லாம் செய்த பிறகும் விரல் மரத்தாலோ, தோளிலிருந்து கைக்குச் சுரீர் என்று இறங்கினாலோ தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதே. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரைப் பார். வேலை என்ன என்று கேட்டால் வாத்தியத்தையும் கொண்டுபோய் மாட்டிக் காட்டு. சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

சேலம் போய் ஹார்னஸ் வாங்கும்போதும் உன் வாத்தியத்தை எடுத்துப் போ, கடை வாத்தியத்தில் மாட்டிப் பார்த்து வாங்காதே. வளையம் இருக்கும் உயரம் வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். போன கையோடு அந்த வளையத்தின் அடியில் உள்ள பற்றையும் ரிப்பேர்காரரிடம் காட்டு. பழைய வாத்தியத்தில் முதலில் விடுவது அதுதான். விட்டிருந்தால் அவரே பற்றுவைக்கட்டும். பக்கத்தில் இருக்கிறது என்று வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனால் சூட்டில் பேடுகள் கருகும், பித்தளை நெளியும், அப்புறம் நீ ஸ்ட்ராப் வாங்க வைத்திருந்த பணம் அதற்கே போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்